வாவி முகத்துவாரமும் பசுமைக் கட்சிகளின் பேரவையும்

அரசியற் கட்சிகள் மாநாடு கூட்டுவது நமக்குப் புதியதன்று. ஒரு நாட்டின் ஒரு கட்சியினர் ஓரிடத்திற் கூடுவர், தலைவரைத் தெரிவர், தீர்மானங்களை நிறைவேற்றுவர், கலைந்து செல்வர். ஆனால், ஒரு கண்டம் முழுவதிலுமுள்ள பல நாட்டுக் கட்சிகள் ஆறு, காடு, கடல், காற்று என்பவற்றையே பொருளாகக் கொண்டு ஒருங்கு கூடுவது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் கண்டிராத காட்சி. பசுமைக் கட்சிகள் எனப்படும் இக்கட்சிகள் ஐரோப்பாவிலே ஒரு கூட்டமைப்பாகவும், ஆபிரிக்காவிலே ஒன்றாகவும், அமெரிக்கக் கண்டங்களிலே ஒன்றாகவும், ஆசிய பசிபிக் பிரதேசத்திலே ஒன்றாகவும் இணைந்துள்ளன. ஆசிய பசிபிக் பிரதேசத்தார் 2005 ஆம் ஆண்டிலே யப்பானின் கியோட்டோ நகரிலும், 2010 இல் தாய்வானின் தாய்ப்பே நகரிலும், 2015 இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலும் கூடினர். 2023 இல் தென்கொரியாவின் இஞ்சொன் நகரிலே உலகப் பசுமைக் கட்சிகளோடு சேர்ந்து கூடினர். இனியும் அவர்கள் கூடுவர். அக்கூட்டத்திற்கும், மட்டக்களப்பு வாவியின் கரையிலே வாழும் உழவனுக்கும் வலைஞனுக்கும் என்ன தொடர்பு? இன்று நாம் ஆராயப் புகும் பொருள் அதுவே.

நேயர்களே, தொடர்பு ஒன்றுமில்லை என்று சொல்வோர் உளர். வயிறு நிறைந்த நாட்டார் மரத்தைப் பற்றியும் பறவையைப் பற்றியும் கவலைப்படுவர். நமக்கு நெல் வேண்டும், மீன் வேண்டும், பிள்ளைகளுக்குத் தொழில் வேண்டும். இவை கிடைத்த பின்னரன்றோ பசுமை என்பர். இக்கூற்றைப் புறக்கணித்தல் தகாது. நியாயமான கூற்றே இது. ஆயினும் வரலாற்றை நோக்குமிடத்து, பசுமைக் கட்சி என்ற எண்ணம் தோன்றிய இடம் மாளிகையன்று, ஒரு நீர்நிலையின் கரை என்பது புலனாகும்.

அவுஸ்திரேலியாவின் தெற்கே தஸ்மேனியா என்றொரு தீவு உண்டு. பரப்பளவில் ஏறக்குறைய நமது இலங்கையை ஒத்தது. அத்தீவின் தென்மேற்கு மலைகளிடையே பெடர் ஏரி என்ற ஏரி கிடந்தது. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த மணற்கரை அதற்குப் பெரும்புகழ் தந்தது. மின்சாரம் பெறுதற்பொருட்டு அணைகள் கட்டி அவ்வேரியை ஆழ்நீருள் அமிழ்த்த அத்தீவின் அரசாங்கம் திட்டமிட்டது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இவ்விடயத்தில் ஒருமனத்தனவாயின. மக்கள் முறையிட்டனர், மனுக்கள் அனுப்பினர், பயனில்லை. எந்தக் கட்சியும் நமக்காகப் பேசாதெனின் நாமே ஒரு கட்சி அமைப்போம் என்று துணிந்து, 1972 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹோபார்ட் நகர மண்டபத்திலே பலர் கூடினர். ஐக்கிய தஸ்மேனியக் குழு என்ற கட்சி பிறந்தது. உலகின் முதற் பசுமைக் கட்சி அதுவேயென வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அவ்வாண்டு நடந்த தேர்தலிலே அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. ஏரியும் நீருள் மூழ்கிற்று. ஆயினும் அத்தோல்வியிற் பெற்ற அனுபவம் வீண்போகவில்லை. அதே தீவின் பிராங்கிளின் ஆற்றிலே மற்றுமோர் அணைகட்ட முற்பட்டபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1983 இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக அவ்வணை கைவிடப்பட்டது.

1972 ஆம் ஆண்டிலேயே நியூசிலாந்தில் விழுமியக் கட்சி என்ற பெயரால் நாடளாவிய கட்சியொன்று எழுந்தது. பின்னர் இவ்வெண்ணம் ஐரோப்பாவுக்குப் பரவியது. 1979 இல் சுவிற்சர்லாந்தின் பாராளுமன்றத்துக்கு ஒருவர் தெரிவானார். 1980 ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலே பசுமைக் கட்சி நிறுவப்பட்டது. மூன்றாண்டுகளின் பின் நூற்றுக்கு 5.6 வாக்குகளைப் பெற்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தினுட் புகுந்தது. 1992 இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரிலே உலக நாடுகளின் பூமி மாநாடு நடைபெற்றபோது, பல நாட்டுப் பசுமைக் கட்சியினரும் அங்கே சந்தித்தனர். 2001 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 72 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 800 பேர் கன்பரா நகரிற் கூடி ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டனர். இயற்கையின் ஒழுங்கை அறிந்து நடத்தல், சமூக நீதி, மக்கள் நேரே பங்குபற்றும் சனநாயகம், அகிம்சை, வருங்காலத்தாருக்கும் எஞ்சும்படி நுகர்தல், பன்மையை மதித்தல் என்ற ஆறும் அச்சாசனத்தின் தூண்கள்.

இவ்வாறு தூண்களுள் மூன்றாவதாகிய மக்கட் பங்குபற்றலை மனத்திற் கொண்டு, இனி நமது வாவியின் பக்கம் திரும்புவோம்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை, கடலுக்குச் சமாந்தரமாக நீண்டு கிடப்பது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயலும் காடும் படுவான்கரை. கதிரவன் எழும் திசையும் படும் திசையுமே இவ்விரு கரைகளுக்கும் பெயராயின. எழுவான்கரையிலே தென்னையும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும். படுவான்கரையிலே நெல்லும் மந்தையும் தயிரும் தேனும். ஒரு கரையார் மற்றக் கரையாரை எதிர்பார்த்தே வாழ்ந்தனர். மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, குருமண்வெளித்துறை எனத் துறைகளின் பெயர்கள் வழங்குவது இக்கொடுக்கல் வாங்கலின் சான்று. மண்முனைத்துறையிலே 2014 இல் பாலம் அமையும்வரை தோணியும் பாதையுமே மக்களை ஏற்றியிறக்கின.

இந்த வாவியின் புகழைக் கடல் கடந்த நாடுகளுக்கு எடுத்துச் சென்றது அதன் பாடும் மீன். 1848 இல் இங்கு வந்த எமர்சன் தெனந்து, நிலவொளியிலே நீரின் அடியிலிருந்து எழுந்த இன்னொலியைக் கேட்டு, 1859 இல் வெளியிட்ட தமது நூலிலே அதனை விரித்தெழுதினார். காரைதீவிற் பிறந்து யாழ் நூல் யாத்த விபுலானந்த அடிகள் அவ்வொலியை நீரர மகளிரின் பாட்டாகக் கண்டார். இசை பாடும் வாவி என்று பெருமை பேசுகிறோம். ஆனால் வாவி எதனால் உயிரோடிருக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

வாவியின் உயிர்நாடி அதன் முகத்துவாரம். நகருக்கு வடக்கே பாலமீன்மடுவை அடுத்து ஒரு வாயும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் மற்றொரு வாயும் கடலை நோக்கியுள்ளன. கோடையிலே ஆறுகளின் ஓட்டம் தளர, கடலலை மணலைக் கொணர்ந்து குவித்து வாயை அடைத்துவிடும். கார்த்திகை மார்கழியிலே வாடைமழை பொழிய, மேற்கிலிருந்து முந்தனையாறு முதலிய ஆறுகளின் வெள்ளம் வந்து சேரும்; வாவி வீங்கும். நீர்மட்டம் உயர உயரப் படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். கரையோரக் குடிமனைகளுக்குள்ளும் வெள்ளம் புகும். அப்பொழுது முகத்துவாரத்தின் மணற்றிட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டுவது சில மணி நேரத்து வேலை. சிறு வாய்க்காலாக வெட்டிவிட்டால் வாவிநீர் தானே அதனை அகழ்ந்து ஆறுபோலப் பாயும். கடினமானது வெட்டுவதன்று, எப்பொழுது வெட்டுவது என்று தீர்மானிப்பதே.

உழவன் சொல்கிறான்: இன்றே வெட்டுங்கள், குடலைப் பருவத்து நெல் நீருள் ஐந்தாறு நாள் கிடந்தால் அழுகிப்போம். வலைஞன் சொல்கிறான்: பொறுங்கள், காலமறியாது வெட்டினால் வாவிநீர் மளமளவென்று வடிந்து மீனும் குஞ்சும் கடலோடு போய்விடும். வேறொரு வலைஞன் சொல்கிறான்: வெட்டத்தான் வேண்டும்; கடலிலிருந்து இறாற் குஞ்சு உள்ளே வருவது அவ்வழியாலன்றோ? தாழ்ந்த நிலத்திலே குடிசை கட்டியிருப்பவள் சொல்கிறாள்: அடுப்படியில் நீர் நிற்கிறது, உங்கள் வாதம் எப்போது முடியும்? இந்நால்வர் சொல்வதும் உண்மை. ஒருவர் நன்மை மற்றவர் தீமையாக முடியும் இந்நிலையிலே, எல்லார்க்கும் பொதுவான ஒரு நாளைக் குறிப்பதே அரசியல். பழைய கச்சேரியிலும் இன்றைய மாவட்டச் செயலகத்திலும் இவ்விடயம் மழைக்காலந்தோறும் பேசப்படுவது இதனாலேயே.

இவ்வகைப் பொதுத் தீர்மானம் நம்மவருக்குப் புதியதன்று. வயலுக்கு நீர் பாய்ச்சும் நாள், விதைக்கும் நாள், மாட்டை வயலிலிருந்து அகற்றும் நாள், வேலியடைக்கும் நாள் ஆகியவற்றை ஒரு வட்டையைச் சேர்ந்த வேளாண்மைக்காரர் எல்லாரும் கூடியே முடிவு செய்தனர். அக்கூட்டமே கன்னைக் கூட்டம். அம்முடிவை நிறைவேற்ற அவர்கள் தெரிந்தெடுத்தவர் வட்டவிதானை. போடியாராயினும் சிறு நிலக்காரராயினும், குறித்த நாளிலே தம் பங்கு வேலியை அடைக்காதவர் குற்றத்துக்குரியவராயினர். ஏனெனில் ஒருவர் வேலியிலுள்ள பொத்தல் ஊரார் எல்லாருடைய பயிருக்கும் கேடு.

ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியிலே இவ்வழமைகள் தளர்ந்தன. குளங்கள் தூர்ந்தன; தகராறுகள் நீதிமன்றத்திலே ஆண்டுக்கணக்கிற் கிடந்தன. தேசாதிபதி சேர் ஹென்றி வார்டு இதனைக் கண்ணுற்று, 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டத்தை இயற்றுவித்தார். நீர்பற்றிய பழைய வழமைகளை மீட்டெடுப்பதே அதன் நோக்கம். நிலக்காரரைக் கூட்டி, பெரும்பான்மையோர் விருப்பப்படி தம் வழமையை வகுத்துக்கொள்ளவும், அதை மீறுவோரை ஊரவர் குழுவே விசாரிக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் அவர் காலத்திலேயே. கடல் கடந்து வந்த ஆட்சியாளர், புதியதொன்றைக் கொணராது, இந்நாட்டு உழவரின் கூட்டத்துக்கே சட்டவலு அளிக்க நேர்ந்தது குறிப்பிடத்தக்கது. பின்னர் 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் அதன்பின் வந்த கமநலச் சட்டங்களும் பதவிகளை மாற்றின, குழுக்களை மாற்றின. ஆயினும் வட்டவிதானை என்ற பெயர் மட்டக்களப்பு மக்கள் நாவினின்றும் அகலவில்லை.

உழவரின் கூட்டத்தோடு நில்லாது, ஊர் முழுவதும் திரளும் வழக்கமும் இங்கிருந்தது. மழை பொய்த்து நோய் பரவிய காலங்களிலே கண்ணகையம்மனை வேண்டிக் கொம்புமுறி விளையாட்டை நடத்தினர். ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாவர். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகள் இரண்டைக் கோத்து இரு கட்சியாரும் வடம் பிடித்திழுப்பர். ஒரு கொம்பு முறியும். முறிந்த கட்சியாரை வென்ற கட்சியார் வசைபாடுவதும் உண்டு. ஆனால் மழை பெய்யும்போது அது வடசேரியார் வயலுக்கு ஒருவிதமாகவும் தென்சேரியார் வயலுக்கு வேறுவிதமாகவும் பெய்வதில்லை. கட்சி பிரிந்து முட்டுவதும், பொதுத் துன்பத்தின்முன் ஒன்றாவதும் ஒரே சடங்கின் இரு பகுதிகள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

எனினும் பழமையெல்லாம் குறையற்றதென்று கூறிவிடலாகாது. கன்னைக் கூட்டத்திலே பேசும் உரிமை நிலமுடையாருக்கே இருந்தது. கூலிக்கு வெட்டிய முல்லைக்காரனும், அத்தாங்கு பிடித்து இறால் வடித்த பெண்ணும், வீச்சுவலையோடு தோணியிற் போனவனும் அங்கே வாய் திறந்தாரல்லர். வாவியைப் பற்றிய முடிவிலே வாவியையே நம்பி வாழ்ந்தவன் பலகாலம் வெளியே நின்றான். கூட்டத்தின் எல்லை வட்டையின் எல்லையோடு முடிந்தது. மலையிலே காடு வெட்டப்பட்டால் அதன் சேறு எந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டு வாவிக்கு வருகிறது?

இவ்வினா இருபதாம் நூற்றாண்டிலே கூர்மையாயிற்று. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. நம்மவர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் ஆற்றை இங்கினியாகலையிலே அணைகட்டித் தடுத்து, சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரும் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. விடுதலை பெற்ற இலங்கையின் முதற் பெருந்திட்டம் அது. புதுவயல்கள் விளைந்தன. புதுக்குடியேற்றங்கள் தோன்றின, நிலத்தின் குடிப்பரம்பலும் மாறி, 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அத்திட்டத்தின் நன்மை தீமைகளை இன்றுவரை பலர் பலவாறு பேசுவர். நாம் இங்கே கொள்ளவேண்டிய செய்தி ஒன்றே: ஓர் ஆற்றின் தலைப்பிலே செய்யும் வேலை, அதன் கடைவாயிலுள்ளவனின் வாழ்வை மாற்றுகிறது, ஆனால் வேலை செய்யும் நாளில் அவனைக் கேட்கும் ஏற்பாடு எவரிடமும் இருக்கவில்லை.

1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளமும், 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இரவிலே வீசிய சூறாவளியும் இப்பகுதி மக்களின் நெஞ்சைவிட்டு அகலாதவை. சூறாவளியிலே 900 பேருக்கு மேல் மாண்டனர். எழுவான்கரைத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. எண்பதுகளின் தொடக்கத்திலே வாவிக்கரையில் வாணிக முறையிலான இறால் வளர்ப்பு தொடங்கிற்று. போர்ச்சூழலால் அது நின்றது. பின்னர் வடமேற்குக் கரையிலே, புத்தளம் பகுதியில் அத்தொழில் பெருகியது. அங்கே கண்டற் காடுகள் பல அழிந்து குளங்களாயின. 1996 ஆம் ஆண்டளவில் வெண்புள்ளி நோய் பரவ, பல குளங்கள் கைவிடப்பட்டன. குளத்துக்குரியவர் வேறு தொழிலுக்குப் போகலாம். கண்டல் வேரிடையே குஞ்சு பொரிக்கும் மீனுக்கும், அம்மீனை நம்பியவனுக்கும் போக்கிடம் ஏது?

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. நாடெங்கும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். முகத்துவாரத்தை ஒட்டி, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடந்த நாவலடிக் கிராமத்தையும் கல்லடி, கல்லாறு முதலிய ஊர்களையும் கடல் வாரிச் சென்றது. அதன்பின் ஏழு வாரங்களாகுமுன்னரே, 2005 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, ஆசிய பசிபிக் பசுமைக் கட்சிகள் கியோட்டோவிற் கூடித் தம் கூட்டிணைப்பை நிறுவின. வானிலை மாற்றம் பற்றிய கியோட்டோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் அம்மாதம் 16 ஆந் திகதியே. ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் விளைந்தது. மனிதர் செயலால் விளைந்ததன்று. ஆயினும் கடல் எல்லை கடந்து வரும்போது கரையிலே எவை நிற்கவேண்டும், எவை நிற்றலாகாது என்ற வினாவை அது ஆசியா முழுவதற்கும் ஒருங்கே விடுத்தது. 1901 இற்கும் 2018 இற்கும் இடையிலே உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளதென அறிஞர் கணித்துள்ளனர். எழுவான்கரை போன்ற ஒடுங்கிய மணற்றரையிலே வாழ்வோருக்கு அது சிறிய அளவன்று. அதனை உயர்த்திய புகையிலே அவர்கள் பங்கு மிகச் சிறிது.

இனி, பசுமைக் கட்சிகளின் குறைகளையும் நோக்குதல் முறை. ஆசியாவிலே அவை மிகச் சிறியன. 1990 இல் மொங்கோலியாவிலும், 1996 இல் தாய்வானிலும், 2012 இல் தென்கொரியாவிலும் யப்பானிலும் கட்சிகள் எழுந்தன. எங்கும் அவை பெரும் வாக்குப் பெற்றதில்லை. அதிகாரம் பெற்ற இடத்திலும் அவற்றின் வழி எளிதன்று. ஜேர்மனியிலே பசுமைக் கட்சி பலகாலம் வேண்டி நின்றபடி அணுமின் நிலையங்கள் படிப்படியாக மூடப்பட்டு, 2023 ஆம் ஆண்டு ஏப்பிரலில் கடைசி நிலையமும் நின்றது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலே எரிவாயு நெருக்கடி வந்தபோது, அதே கட்சியைச் சேர்ந்த அமைச்சரே நிலக்கரி நிலையங்களை மீண்டும் இயக்க அனுமதிக்க நேர்ந்தது. ஒரு மடையைத் திறந்தால் மறுபக்கம் நீர் குறையும் என்பதை வட்டவிதானை அறிவார், அமைச்சரும் அறியவேண்டியதாயிற்று.

நம் நாட்டிலோ பச்சை என்பது நெடுங்காலமாகவே ஒரு பழைய கட்சியின் நிறம். சுற்றாடலைப் பொருளாகக் கொண்ட கட்சியொன்று இங்கே வேரூன்றிப் பாராளுமன்றத்திலே பலம் பெற்றதில்லை. எழுபதுகளிலே சிங்கராசவனத்தை மரந்தறிப்பினின்றும் காத்தது பொதுமக்கள் கிளர்ச்சி. 1980 இல் தேசிய சுற்றாடற் சட்டமும், 1981 இல் கரையோரம் பேணற் சட்டமும் இயற்றப்பட்டன. எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவைப் பெருமளவில் அகழ்ந்தெடுக்கும் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் வாசிகள் சிலர் வழக்காட, 2000 ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே இந்நாட்டிலே பசுமை அரசியல் நடந்தது கட்சி மேடையிலன்று, கிராமத்திலும் நீதிமன்றத்திலுமே.

உலக நீதிமன்றத்துக்கும் நம் குளங்களின் கதை சென்றதுண்டு. தனூப் ஆற்றிலே அணைகட்டுவது பற்றி அங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் எழுந்த வழக்கிலே, 1997 இல், இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி தனித் தீர்ப்பொன்றை எழுதினார். வளர்ச்சியும் இயற்கைப் பேணலும் பகையல்ல என்பதற்கு இலங்கையின் பண்டைய குளங்களையும் கால்வாய்களையும் சான்று காட்டினார். நாட்டின் நிலத்துக்கு மன்னன் உரிமையாளன் அல்லன், காவலனே என்ற மகிந்த தேரரின் உபதேசத்தையும் எடுத்தாண்டார். மக்களுக்குப் பயன்படாது ஒரு துளி நீரும் கடலைச் சேரலாகாது என்று பராக்கிரமபாகு மன்னன் உரைத்ததாக வழங்கும் செய்தியும் அதில் இடம்பெற்றது.

குளம் கட்டி வாழ்ந்த நாட்டுக்கு அது அருமையான நெறி. ஆனால் வாவிக்கரையிலே நிற்பவன் அதனோடு ஒரு சொல் கூட்டுவான். கடலைச் சேரும் நீரெல்லாம் வீண்போன நீரன்று. முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும், உவர்நீரையும் நன்னீரையும் கலப்பதும், இறாற் குஞ்சை உள்ளே அழைப்பதும், வயலின் வெள்ளத்தை வடிப்பதும் கடலை நோக்கி ஓடும் அந்நீரே. ஆற்றின் நீரெல்லாம் மேலே தேங்கிவிடுமாயின் வாவி குட்டையாகும், குட்டை சேறாகும், பின்னர் மீனுமில்லை, பாடுவதற்கு எதுவுமில்லை. நீரின் பயனை அளப்பவன் எந்த இடத்தில் நின்று அளக்கிறான் என்பதிலேதான் எல்லாம் தங்கியுள்ளது. குளக்கட்டில் நின்று அளப்பவனுக்குக் கடல் இழப்பு. தோணியில் நின்று அளப்பவனுக்குக் கடல் வரவு.

கண்டந்தழுவிய பேரவைக்கு மட்டக்களப்பிலிருந்து ஒருவர் செல்வாராயின், அவர் எடுத்துச் செல்லத்தக்க செய்தி இதுவென்று கருதுகிறேன். ஆற்றின் தலைப்பிலுள்ளவனும் கடைவாயிலுள்ளவனும் ஒரே கூட்டத்திலே சமமாக அமரவேண்டும். வயலுடையான் மட்டுமன்றி வலையுடையானும், வலையுமில்லாது அத்தாங்கோடு நிற்பவளும் அங்கே பேசவேண்டும். தீர்மானம் நாளைக் குறிப்பதாக இருக்கவேண்டும், வாழ்த்துரையாக முடிதலாகாது. கன்னைக் கூட்டத்திலே எவரும் நெல் வாழ்க என்று தீர்மானம் நிறைவேற்றியதில்லை. இந்த நாள் மடை திறப்பு, இந்த நாள் விதைப்பு, தவறினவருக்கு இது தண்டம் என்றே முடித்தனர். உலகப் பேரவைகள் பலவற்றிலே குறைவுபடுவது அத்தகைய முடிவே.

அங்கிருந்து நாம் பெறவேண்டியதும் உண்டு. நமது பழைய கூட்டம் தன் வட்டையைக் கடந்து நோக்கவில்லை. பசுமைக் கட்சியினரோ ஒரு நாட்டின் புகை மறு நாட்டின் கடலை உயர்த்தும் என்பதை அறிந்து, நாடுகளை ஒரு வட்டையாகக் கொண்டு கூட முயல்கின்றனர். முயற்சி இளையது, கைகள் சிலவே, குறைகள் பல. தஸ்மேனியாவிலே தம் ஏரியை இழந்தவர்கள் தொடங்கிய வேலை அது என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் கட்சி கட்டியபோது அவ்வேரி அவர்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நமது வாவி இன்னும் நம்மிடமிருக்கிறது.

வருகிற மார்கழியிலும் மழை வரும், வாவி பெருகும், முகத்துவாரத்தை எந்நாளில் வெட்டுவது என்ற கேள்வி எழும். அன்று அக்கூட்டத்திலே எத்தகையோர் அமர்ந்திருக்கின்றனர், எவருடைய சொல் கேட்கப்படுகிறது என்பதை இரு கரை மக்களும் கவனித்தல் வேண்டும். கண்டங்களின் பேரவை கூடும் நகரம் எதுவாயினும், அதன் கொள்கை மெய்யா பொய்யா என்று சோதிக்கும் உரைகல் பாலமீன்மடுவின் அந்த மணற்றிட்டிலேதான் இருக்கிறது.